பிடி தளராத இதயம்

அவையை ஆளும் தலைமை மருத்துவர் அவர்களே, ஆய்வுக்கூடத்தில் ஆயுளைக் கரைத்த அறிஞர்களே, முன்வரிசையை அழகு செய்யும் முதியோர்களே, பிள்ளைகளின் மூச்சைத் தம் மூச்சாய் எண்ணும் தாய்மார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று விருது பெறும் விஞ்ஞானி என் நாத்தனார். அவருடைய அண்ணனைக் கைப்பிடித்தவள் நான்.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்ட் நின்றால்தான் அவருக்கு வேலை. நின்றுவிட்டதால் வேலைக்குப் படியேறித்தான் போக வேண்டும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தப் படிகளில்தான் ஒருநாள் மூச்சு முட்டியது. இதயத் தசை தடித்திருக்கிறது என்றார் மருத்துவர்.

தசைக்குள் மயோசின் என்றொரு புரதம், ஆக்டின் என்றொரு புரதம். கைகள் கயிற்றைப் பற்றி இழுப்பதுபோல் மயோசின் ஆக்டினை இழுக்கிறது, தசை சுருங்குகிறது. விட்டால் விரிகிறது. இவர் இதயத்திலோ அளவுக்கு மீறிய கைகள் இழுத்தன. இழுத்த இதயம் இளைப்பாறவில்லை. இளைப்பாறாத இதயத்தில் இரத்தம் நிறையவில்லை. வலிமை குன்றி வாடிய இதயத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். வலிமை மிகுந்து வாடிய இதயத்தைப் பற்றிக் கேட்டதுண்டா?

அந்தக் கைகளில் சிலவற்றை ஓய்வெடுக்க வைக்கும் வேதிப்பொருளைத் தேடினார் இவர் தங்கை. சோதனைக் குழாயில் ஒன்று பலித்தது. செய்தி கேட்டதும் இவர் தங்கையின் சமையலறையில் போய் நின்றார்.

“எனக்குக் கொஞ்சம் குடும்மா. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்.”

“வேணாம்ணா. அது இதயம் எது, கை கால் எதுன்னு பாக்காது. எல்லாத் தசையையும் அடக்கிடும்.”

“முயலுக்குக் குடுப்பே, கூடப் பொறந்தவனுக்குக் குடுக்க மாட்டியா?”

“கூடப் பொறந்ததாலதான் குடுக்கல.”

தங்கை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இவர் வந்துவிட்டார்.

தங்கையின் அச்சம் மெய்யாயிற்று. அந்த மருந்து செலுத்திய முயல்கள் நிற்க முடியாமல் சரிந்தன. சிலவற்றின் இதயமே அடங்கிப்போனது. இதயத்தின் மயோசினை மட்டும் தொடும் வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. என்ன கேட்கிறீர்கள் அம்மா? அதுவரைக்கும் அவர் தாங்கினாரா என்றா? தாங்கவில்லை அம்மா. ஓர் அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டில், கருவிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தவர் எழவில்லை.

சரியான மருந்து அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அதை உட்கொண்டு நடந்து வந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். உங்களைப் பார்க்க மகிழ்ச்சிதான். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனப்பதும் உண்மைதான்.

தங்கை தவறு செய்திருந்தால் கோபித்தாவது ஆறியிருப்பேன். சரியாகச் செய்தார்; செய்தும் இழந்தோம். யாரை நோவது? காலத்தையா? கருணையையா? அவசரப்படாத அறிவையா?

விருது வாங்க மனமில்லாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். காலையில் கேட்டார்: “எந்த முகத்தை வச்சுக்கிட்டு மேடை ஏறுவேன் அண்ணி?”

அவையறியச் சொல்கிறேன். அன்று நீ கொடுத்திருந்தால், உன் அண்ணன் உன் கையாலேயே போயிருப்பார். கொடுக்காததால் நமக்கு அழுகை மட்டும் மிச்சம், பழி இல்லை. அழ நானும் கூட இருக்கிறேன். ஏறி வாம்மா.

செவி தந்த அவைக்கு நன்றி. துடிக்கும் உங்கள் நெஞ்சங்கள் ஒவ்வொன்றுக்கும் என் வணக்கம்.