தொப்பூர் பாறையில் சிவப்புக் கோடு

ராத்திரி ஒண்ணரை மணி. தொப்பூர் கணவாய். மழை விட்ட பெங்களூர் ரோடு… ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஈ காக்கா இல்லை.

நெருங்கி உட்காருங்க. சும்மா சும்மா பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். எல்லாம் நம்ம ஆட்கள்தான், எண்ணிவிட்டேன். ஒரு தலை கூடுதலாக வருகிறது… பரவாயில்லை, அதுவும் கேட்கட்டும்.

இது நம்ம உசேன் பாயோட மச்சான் அப்துல் ஷுக்கூருக்கு நடந்தது. எண்பத்தெட்டு வாக்கில். மழைக்குக் கல் சரிந்து ரோட்டில் விழுகிறதென்று பாறை அடியில் நீளமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவர் ஓரமாக வரிசையாக அடித்த மர முளைகளில் மட்டம் குறிக்க பெங்களூரிலிருந்து லேசர் மெஷின் ஒன்று வந்தது. மூன்று கால், தலையில் சுற்றுகிற ஒரு கண், காலடியில் கார் பேட்டரி. வெயிலில் ஒன்றும் தெரியாது. இருட்டினால் பாறை மேல் நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஓடும்.

அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்த்தால் பார்வை கெட்டுவிடும். அதனால் எந்த மனுஷன் தலைக்கும் எட்டாத உயரத்தில்தான் மெஷினை நிறுத்த வேண்டும். ஷுக்கூர் கம்பிக்கால்களை முழுசாக இழுத்து, மண்ணில் மிதித்து இறக்கி, பெட்டி மேல் ஏறி நின்று மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவார். அதில் குறையே சொல்ல முடியாது.

அன்று அவருக்கு மூன்றாவது ராத்திரி. கண் இரண்டும் மிளகாய் அரைத்த மாதிரி. மறுநாள் மத்தியானம் பென்னாகரத்தில் தங்கச்சி ஹசீனாவுக்கு நிக்காஹ். தகப்பனார் இல்லை. அண்ணன் போய் உட்கார்ந்து சம்மதம் சொன்னால்தான் கல்யாணம்.

"முளை எல்லாத்துலயும் மட்டம் விழுந்தா விடியக்காலம் பஸ் ஏறுங்க பாய். ஒரு முளை பாக்கின்னாலும் லீவு கிடையாது. காலையில கான்கிரீட்" என்று இன்ஜினியர் ராஜாமணி ஜீப் ஏறிப் போய்விட்டார்.

கூட இருந்தது நஞ்சப்பன் ஒருத்தன். மெஷினைக் காலில் தட்டிவிட்டால் மொத்த மட்டமும் போச்சு. ஆகவே ஷுக்கூர் அதற்குக் காவல். நஞ்சப்பன் அளவுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முளை முளையாகப் போவான். கட்டையில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். சிவப்புக் கோடு அதன் மேல் பட்டால் கத்தும். கட்டை இறங்கியிருந்தால் டிக்… டிக்… ஏறியிருந்தால் டிக்டிக்டிக். சரியான மட்டத்தில் ஒரே இழுப்பாக, டீ…ஈ…ஈ. உடனே கட்டையின் அடி நிற்கிற இடத்தில் முளையில் சாக்பீஸ் கோடு.

"டேய், கணவாய்க்குள்ள ராத்திரில பேர் சொல்லிக் கூப்புடாத. யார் யாருக்கோ காது கேக்கும்."

"விசிலடிக்கட்டுமாங்க பாய்?"

"அது அதுக்கும் மேல. பொட்டி கத்தறதே போதும். முடியற வரைக்கும் வாயத் தொறக்காத."

"தொறக்கலீங்க. கொட்டாவிக்கு மட்டும் தொறந்துக்கறேன்."

இருட்டில் நஞ்சப்பனின் டார்ச் வெளிச்சம் தள்ளித் தள்ளிப் போனது. டிக்… டிக்… டீஈஈ. ஒரு முளை. டீஈஈ. இன்னொன்று. ஷுக்கூர் ஈரச் சாக்கில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து முளைக்குப் பிறகு டார்ச் அணைந்தது. செல்லு தீர்ந்திருக்கும், பாவம். சத்தம் நிற்கவில்லையே… அது போதும்.

பிறகு வேலை ஓடியது பாருங்க, அப்படி ஓடியது! டிக்டிக் என்கிற தேடலே இல்லை. வைத்ததும் டீஈஈ. நகர்ந்ததும் டீஈஈ. 'இந்தச் சோம்பேறிக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு' என்று நினைத்துக்கொண்டார். லாரி ஒன்றும் போகவில்லை. ஆனாலும் பிரேக் கருகுகிற வாடை மூக்கை அடைத்தது.

நிமிர்ந்து பார்த்தார். பாறையில் சிவப்புக் கோடு ஓர் இடத்தில் அறுந்திருந்தது. கட்டை மறைத்தால் விரல் அகலம்தான் மறையும். இது ஒரு தலை அகலம்… மெல்ல நகர்ந்தது. அடுத்த முளைக்கு நேராக நின்றது. டீஈஈ.

தலைக்கு எட்டாத உயரம் என்று சொன்னேனா? நஞ்சப்பன் ஷுக்கூரின் தோளுக்குத்தான் வருவான்.

அலுப்பு என்பது பெரிய வரம். ஓடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! ஷுக்கூர் ஓதிக்கொண்டே தலையைக் குனிந்தார். கடைசி முளை வரை சத்தம் போய் நின்றது.

மெஷினை அணைத்துவிட்டு டார்ச்சோடு நடந்தார். கலவை மெஷினுக்குப் பின்னால், சிமெண்டுச் சாக்கின் மேல், அளவுக்கட்டையைக் கட்டிப்பிடித்து நஞ்சப்பன் குறட்டை.

"எப்படா வந்து படுத்த?"

"அப்பவே வந்துட்டனுங்களே. நாலு முளையோட பொட்டி செத்துப்போச்சு. பேட்டரி காலி. கூப்புடலாம்னா நீங்கதான் வாயத் தொறக்காதன்னீங்க." பெட்டியைத் திறந்து காட்டினான். பேட்டரி உப்பி, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

ஷுக்கூர் தனியாகப் போய் முளைகளைப் பார்த்தார். முதல் நாலில் சாக்பீஸ். ஐந்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் கறுப்புக் கிரீஸில் கட்டைவிரலால் இழுத்த ஒரு கோடு.

இன்ஜினியரிடம் சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி வைக்கச் சொல்வார். தங்கச்சி மணவறையில் காத்துக் கிடப்பாள். ஷுக்கூர் சாக்பீஸை எடுத்தார். ஒவ்வொரு முளையாகக் குந்தி, கிரீஸைச் சட்டை நுனியால் துடைத்து, அதே இடத்தில் வெள்ளைக் கோடு போட்டார்.

காலையில் ராஜாமணி கருவி வைத்துச் சரிபார்த்தார். மயிரிழை பிசகில்லை. "கை குடுங்க பாய்!" என்றார். ஷுக்கூர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாராம். உசேன் பாய் உலுக்கி எழுப்பி, ராத்திரி என்னய்யா வேலை என்று கேட்டபோது, மற்றதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசி முளைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்…

மற்ற முளைகளில் கிரீஸ் ஆறிச் சில்லென்று இருந்ததாம். கடைசி முளையில் தொட்டபோது… கொழகொழவென்று… உடம்புச் சூடு இருந்ததாம்.