ரிமூவ் வேறு, பர்ஜ் வேறு

எங்கள் வீட்டில் யாரும் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை, ஐயா. அப்பா கூனிமேட்டில் கருவாட்டு மொத்த வியாபாரி. முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவனை ஆளாகவே மதிக்கமாட்டார். கம்ப்யூட்டர் அப்படியில்லை. 'தொடரவா?' என்று ஒரே முறைதான் கேட்கும். ஆமாம் என்பதற்கு ஒய் என்ற ஓர் எழுத்தை அடித்தால் தொடர்ந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேற்பார்வையாளன். போன வருடம் முதலாளி மோட்டார் ஷெட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் கூரைமேல் சைரனும் வைத்தார். மின்னல் நெருங்கினால் அதிலுள்ள மென்பொருள் சைரனை ஊதும். எல்லோரும் போட்டது போட்டபடி ஷெட்டுக்குள் போக வேண்டும். சைரனுக்குக் கீழே பச்சை விளக்கு எரிந்தால் அது விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

நல்ல ஏற்பாடு. ஒரே குறை, அது ஊதும் நேரம். வானம் கறுக்கும்போதுதான் பாத்தியில் விளைந்த உப்பை வாரி, வரப்பில் குவித்து, தார்ப்பாய் மூட ஆள் வேண்டும். அப்போது பார்த்து இருபது பேரும் ஷெட்டில் நின்று கதை பேசினால், பத்து நாள் வெயில் பத்து நிமிடத்தில் கரைந்துபோகும்.

ஆகவே அப்படிப்பட்ட நாள்களில் போனிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைவேன். ஒரு வரி அடித்தால் மென்பொருள் போய்விடும். உப்பை மூடியதும் இன்னொரு வரி, திரும்ப வந்துவிடும். நீக்குவதிலும் இரண்டு வகை உண்டு. பர்ஜ் என்றால் வேரோடு. ரிமூவ் என்றால் மென்பொருள் மட்டும் போகும், நாம் செய்து வைத்த அமைப்புகள் அப்படியே இருக்கும். நான் ஒருமுறைகூடப் பர்ஜ் செய்ததில்லை. கெட்ட எண்ணம் உள்ளவன் ரிமூவோடு நிறுத்துவானா?

மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது முறை போன வியாழக்கிழமை, மணி மூன்று. கடைசிப் பாத்தி பாக்கி. வரப்பில் நின்று போனில் ரிமூவ் வரியை அடித்தேன். பன்னிரண்டு எம்பி இடம் மிச்சமாகும், தொடரவா என்றது. சுலோசனா அக்கா உப்பை வாரிக்கொண்டே, "நாங்க போனைத் தொட்டா மட்டும் கத்துவீங்க. இப்ப யாருக்கு மெசேஜு, பொண்ணு பாத்தாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி ஒய் அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கேட்டார். "இப்டி கருக்குது, சைரன் ஊதலையே தேவா தம்பி?"

"ஊதுனா போவப் போறோம். லைட்டு எரியுதில்ல, பாருக்கா."

பார்த்தார். மறுபடி குனிந்து வாரினார். பேரம் பேசவில்லை.

மூன்று இருபதுக்கு அவர்மேல் மின்னல் விழுந்தது. நான் கைகட்டி நிற்கவில்லை. அடுத்த நொடியே இன்ஸ்டால் அடித்தேன். ரிமூவ் மட்டும் செய்திருந்ததால் இரண்டே நிமிடம். சைரன் தெளிவாக ஊதியது. அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் உயிர் இல்லை என்றார்கள். நீக்கிய நேரம், போட்ட நேரம், நான்கு முறையும் அந்தக் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கிறது. நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.

வயரையே பிடுங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். பிடுங்கினால் பச்சை விளக்கும் அணைந்துவிடும், ஐயா. அதைப் பார்த்தால் ஒருவரும் பாத்தியில் இறங்கமாட்டார்கள். மென்பொருளை மட்டும் எடுத்தால் விளக்கு எரியும். அந்த விளக்கை நான் ஒரு நாளும் அணைத்ததில்லை. பயமில்லாமல் வேலை செய்யட்டும் என்றுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.