புடம் போட்ட தங்கம் என்று கைதட்டியவர்களுக்கு

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மூட்டு நோய் மருத்துவர் அவர்களே, பணி முடிந்து தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் செவிலியர்களே, முன் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்தவரைப் போலவே செவிலியரான அவர் தங்கையே, வணக்கம்.

காய்ச்சல் பிரிவின் தலைமைச் செவிலியர், நம் எல்லோருக்கும் அக்கா, கொரோனாவுக்குப் பலியாகிவிட்டார். அவரைப் புகழ்ந்து பேச, ரத்தப் பரிசோதனைக் கூடத்து மருத்துவரான என்னை அழைத்தீர்கள். மன்னிக்க வேண்டும். அவரைக் கொன்றதே புகழ்ச்சிதான்.

சற்று முன் கண்காணிப்பாளர் இங்கே என்ன சொன்னார்? "அக்கா விட்ட இடத்தில் நாளை முதல் தங்கை நிற்பார். அவரும் புடம் போட்ட தங்கம்!" நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்! அந்தச் சத்தத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு மட்டும் தங்கையின் குரல் கேட்டது. "டாக்டர், கைதட்டிட்டாங்களே. இனிமே நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

புடம் போட்ட தங்கம்! முதல் அலையில் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்கு நாம் சூட்டிய பட்டம் அது. யாரைக் காய்ச்சல் பிரிவுக்கு அனுப்புவது என்று கேள்வி வரும்போதெல்லாம் அந்தப் பட்டம்தான் பதில். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒரு முறை கிருமியைப் பார்த்த உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. தடுப்பூசியும் அதையே கற்றுத்தருகிறது. மறுபடி வரும்போது நோய் பெரும்பாலும் லேசாகப் போய்விடுகிறது. பெரும்பாலும்! அந்தச் சொல்லை நாம் மென்று விழுங்கிவிட்டோம்.

அக்காவும் விழுங்கினார். இரட்டை முகக்கவசத்தோடு வரும் புதிய பெண்களை உடைமாற்றும் அறையில் விடவே மாட்டார். "என்னடி, திருடப் போறவ மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு வர? எங்களைப் பாரு. நாங்கல்லாம் வெந்து வந்தவங்க!" ஆனால் நோயாளியிடம் அவர் வேறு ஆள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்ட வேண்டுமென்று நகச்சாயத்தைத் தானே அழித்துவிடுவார். "கோவிச்சுக்காதம்மா, வீட்டுக்குப் போற அன்னிக்கு நானே பூசிவிடறேன்" என்பார். பூசியும் விட்டார். பூச முடியாமல் போனவர்களின் பெயர்களும் அவருக்கு நினைவிருந்தன.

சென்ற ஆண்டு அவருக்கு மூட்டு வலிக்கு ஊசி தொடங்கியது. அந்த ஊசி வலியைக் குறைக்கும். கூடவே உடலின் காவலையும் தூங்கவைக்கும். மூட்டு நோய் மருத்துவர் அவர்களே, இது உங்களுக்குத் தெரியும். அவர் எந்தப் பிரிவில் நிற்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே தலைக்குள் குடியிருந்த அந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லையா?

நான் கேட்டேன். "அக்கா, கொஞ்சம் ரத்தம் குடுங்க. எதிர்ப்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துடலாம்."

"போடி கண்ணு! என்னையே உரசிப் பாக்கறியா?"

கண்காணிப்பாளர் அருகில்தான் நின்றார். "தங்கத்தைச் சந்தேகப்பட்டா பாவம், டாக்டர்" என்றார். தாழ்வாரமே சிரித்தது. நீட்டப்போன கையை அக்கா பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே வேறென்ன செய்வார்?

பிறகு ஒரே வாரத்தில், ஒரே பிரிவில், இருவரைக் கிருமி பிடித்தது. புதிதாகத் தடுப்பூசி போட்டிருந்த கண்காணிப்பாளருக்குத் தொண்டைக் கரகரப்பு. தொலைபேசியில் தன் குரலைத் தானே கேலி செய்துகொண்டிருந்தார். அக்கா தன் பிரிவிலேயே, சன்னலோரக் கட்டிலில், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். "பாவம், உடம்புல தெம்பில்ல" என்றீர்களாமே, கண்காணிப்பாளர் ஐயா? தெம்பு இருந்தது. காவல்தான் இல்லை.

அன்று அவரே கையை நீட்டினார். "இப்ப எடுத்துப் பாரு, கண்ணு." எடுத்தேன். எதிர்ப்பு என்று சொல்ல அதில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. என்ன வந்தது என்று கேட்டார்; மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ நான் பித்தளையாடி?"

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். சாகக் கிடந்தவருக்கு உயிர்ப் பயத்தை முந்திக்கொண்டு வந்தது அவமானம்! அந்த அவமானத்தை அவருக்குள் ஊட்டியது யார்? நாம்தான். தட்டித் தட்டி ஊட்டினோம்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இறங்க வேண்டும். சொல்கிறேன். இனிக் காய்ச்சல் பிரிவுக்குப் போகிற எவருடைய ரத்தமும் முதலில் என் கூடத்துக்கு வரும். ரத்தம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. என்ன மருந்து, என்ன ஊசி என்றும் கேட்பேன். பதில் தெரியும்வரை தங்கை அந்தக் கதவைத் தாண்டமாட்டாள். நாளைக்கு ஆளில்லையே என்று முணுமுணுக்கிறீர்களா? தொண்டைக் கரகரப்போடு தப்பித்த ஒருவர் மேடையிலேயே இருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

அடுத்து மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கண்காணிப்பாளர் அவர்களே, எழுந்ததுதான் எழுந்தீர்கள், அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்கள்.

மேலே வாம்மா. உட்கார். கையை நீட்டு.