நண்பகல் பனி

எனக்கு வைன் பிடிக்காது சார். நான் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பெயர் பூபதிராஜா. ஒரு சொம்பு மோர் போதும்.

ஆனால் இளசுகளுக்கு வைன் பிடிக்கவில்லை என்பது என் தொழிலுக்கே ஆபத்தாக இருந்தது. இந்த மலைமேல் ஆனைக்கரையில் பழ வைன் ஆலை போட்டு இரண்டு வருடம். ஓய்வு பெற்ற மூன்று வாத்தியார்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். புளிக்கிறது என்றார்கள். பாட்டிலைத் திறக்கவே தனிப்படிப்பு வேண்டும் என்றார்கள். முக்கியமாக, குடித்தால் ஒன்றும் ஏறவில்லையாம். நியாயமான குறைகள்தான்.

சர்க்கரையைக் கூட்டினேன். ஏலக்காய் போட்டேன். விரலால் திறக்கிற சின்ன டப்பாவில் அடைத்தேன். ஏறுவதற்காக, பெயின்ட் வேலைக்கென்று வந்த ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கலந்தேன். குடிக்க இருபத்துமூன்று வயது ஆக வேண்டும் என்கிறது இந்த மாநிலச் சட்டம். சட்டத்தை மதிப்பவன் நான். டப்பாவில் வைன் என்று எழுதவே இல்லை.

முதலில் ருசி பார்த்தவன் என் வேலையாள் பிஜு. மறுநாள் வந்து, "மொதலாளி, கண்ணுல பொகை மூடுன மாதிரி இருக்கு. இது வேணாம்" என்றான். மூன்று நாளில் அவனுக்குச் சரியாகிவிட்டது. ஆகவே யாருக்கும் மூன்று நாளில் சரியாகும் என்று முடிவு செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இந்த மலையில் வீட்டுக்கு வீடு வைன் ஊறும். கேக்கோடு குழந்தைக்கும் ஒரு மடக்கு உண்டு. அதை யாரும் குடியில் சேர்ப்பதில்லை. அதனால் முந்தின நாள் மதியம் என் இலவச விருந்துக்குப் பெற்றோரே பிள்ளைகளை அனுப்பி வைத்தார்கள். பதினாறு பேர்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர்களில் இரண்டு பேர் இன்னும் வேண்டும் என்று வந்தார்கள், ஜின்சியும் அவள் தம்பி ரிஜினும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜின்சி கண்ணைக் கசக்கினாள். "அண்ணே, இன்னைக்கு என்ன இப்படிப் பனி எறங்கியிருக்கு? உங்க மொகமே தெரியலையே."

இந்த ஊரில் எந்த நேரமும் பனி இறங்கும், அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. நான் வாசலைப் பார்த்தேன். ஏலக்காய் காயப்போட்டிருந்த தார்ப்பாய்மேல் வெயில் சுள்ளென்று அடித்தது.

"மலைன்னா அப்படித்தான் அம்மிணி" என்று ஆளுக்கொரு டப்பாவைக் கையில் வைத்தேன்.

பிற்பகலில் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் என்ன குடித்தார்கள் என்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார். கேக் கெட்டுப்போயிருக்கும் என்றேன். பாவம், அன்று பொழுது சாயும்வரை கேக்கின் பின்னால் அலைந்தார். அதற்குள் ரிஜின் போய்விட்டான். மற்ற பிள்ளைகளில் ஆறு பேருக்குப் பார்வை திரும்பவில்லை, ஜின்சிக்கும்தான்.

நேற்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். ருசி எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆரஞ்சைக் கையால் தடவித் தேடிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்றாள்.

அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார். சரக்கில் குறை என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.