இல்காவுக்கு நான் போட்ட மதிப்பெண்

நீங்கள் நாய் வளர்ப்பவர் இல்லை என்பது உங்கள் கால்சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். புரியாவிட்டால் குறுக்கே கேளுங்கள், எனக்குப் பழக்கம்தான். எங்கள் வேட்டைநாய்ச் சங்கத்திலும் பாதிப் பேருக்குப் புரியாது.

எங்கள் எம்ஸ்லாந்து வட்டாரத்து நாய்கள் வயலில் கௌதாரியை மோப்பம் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். காட்டில் அடிபட்ட மானின் ரத்தத் தடத்தில் போக வேண்டும். நாணலுக்குள் நீந்திப் போய், சுட்டு வீழ்த்திய வாத்தைக் கவ்விவர வேண்டும். மூன்றையும் ஒரே நாய் செய்ய வேண்டும். செய்யாத நாய் குட்டி போடக் கூடாது. இனவிருத்தி அதிகாரி என்ற முறையில் அதைப் பார்த்துக்கொண்டவன் நான், ஹின்ரிச் டெட்மெர்ஸ். என் வீட்டில் தேர்வில் தவறிய நாய் எதுவும் கிழடாகும்வரை இருந்ததில்லை. குட்டியாக இருக்கும்போதே முடித்துவிட்டால் அவற்றுக்கும் சிரமம் இல்லை.

வீப்கே ஆடன் ஓல்டன்பர்க் நகரத்திலிருந்து வந்தவள். கால்நடை மருத்துவர். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளைச் சங்கத் தலைவியாக்கினார்கள். அவளுடைய நாய் இல்கா. போன வருடத் தேர்வில் இல்கா வாத்தை நோக்கி நீந்திக்கொண்டிருந்தபோது, விதிப்படி தண்ணீரில் ஒரு குண்டு சுட்டோம். பாதி வழியில் திரும்பிவிட்டது. கரையேறி அவள் கால்களுக்கிடையே ஒளிந்துகொண்டது. நான் பூஜ்யம் போட்டேன்.

இந்த வருடம் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். வெடிக்கு மிரண்ட நாய்க்கு மறுதேர்வாம், அதில் தேறினால் குட்டி போடலாமாம். கூட்டத்தில் கை தூக்கியவர்களைப் பார்த்தேன். பட்டாணி சூப்பும் ஒரு குவளை சாராயமும் கிடைத்தால் ஆட்டுக்கும் வேட்டைநாய்ச் சான்றிதழ் கொடுப்பார்கள். தீர்மானம் நிறைவேறியது. நான் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தேன்.

இலையுதிர்காலத் தேர்வுக்கு முன்னால் வாத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று குளத்தைப் பார்க்க வேண்டும். அவளை வரச் சொன்னேன். மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். படகில் ஏறுவதற்கு முன் நாயைக் கரையில் உட்காரவைத்தாள்.

"இங்கயே இரு இல்கா. நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது, என்ன?"

நடுக்குளத்தில் வைத்துக் கேட்டாள். "ஹின்ரிச், எம்மேல கோவமா?"

"உம்மேல என்னம்மா கோவம்?"

"அன்னிக்குக் கூட்டத்துல உங்க மூஞ்சியப் பாத்தேனே. நாய்க்கும் ஒரு கெட்ட நாள் வரும்ல? மனுஷங்களுக்கு வர்றதில்லையா?"

"வரும். அந்தக் கெட்ட நாள்ல அது என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான் தேர்வு."

அவள் சிரித்தாள். "உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா?"

படகு கவிழ்ந்ததாக உங்கள் காவலர்களிடம் முதலில் சொன்னேன். தட்டைப் படகு அவ்வளவு எளிதில் கவிழாது. அவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. அவள் நாணலைக் காட்ட எழுந்து நின்றாள். நான் துடுப்புக் கழியால் தள்ளினேன். ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் நீச்சல் தெரிந்தும் பயன் இல்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஹின்ரிச், கையக் குடுங்க" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்கும்படி எடுக்கவில்லை.

அப்போதுதான் இல்கா தண்ணீரில் குதித்தது.

வெடிக்கு மிரளும் நாய்தானே என்று, படகில் கிடந்த என் துப்பாக்கியை எடுத்து வானத்தில் சுட்டேன். அதன் காதுகூட ஆடவில்லை. நேராக நீந்தி வந்து அவள் சட்டைக் காலரைக் கவ்வியது. நாணல் பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஒழுங்கான, அழுத்தமான பிடி. என் நாய்களில் அப்படியொரு பிடியைப் பார்த்ததில்லை. அவளும் மூச்சு வாங்கிக்கொண்டு அதோடு போனாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் தரையில் பட்டிருக்கும்.

இரண்டாவது குண்டை வானத்தில் சுடவில்லை. நாய் அமிழ்ந்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விடவே இல்லை. இரண்டு பேரும் அப்படியே போனார்கள். நான் சுட்டேன், நான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று போட்ட பூஜ்யம் தப்புதானே என்று கேட்கிறீர்கள். நாய் வளர்க்காதவர் அப்படித்தான் கேட்பார். கரையில் இரு, நகராதே என்று எஜமானி தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், என் காதாலேயே கேட்டேன். அது இருக்கவில்லை. கீழ்ப்படிதலில் இன்றைக்கும் நான் அதற்குப் பூஜ்யம்தான் போடுவேன்.