எங்கள் கைகளைக் காத்த பொன்னுரங்கம் ஐயாவுக்கு, இருவண்ண அச்சு இயந்திரப் பிரிவினர் படைக்கும் மடல்

கத்திவாக்கத்துக் கடற்கரையில் பிறந்து, கோடும் கோணமும் கற்று, கனத்த இரும்பைக் கொண்டு மெல்லிய காகிதத்துக்கு வண்ணம் பூட்டிய வல்லவரே! அதட்டத் தெரியாத அதிகாரியே! அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சத் தெரிந்த அன்பரே! வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் திருவொற்றியூரில் உள்ள நம் ஆலையின் வரைபடப் பிரிவில் தங்கள் பென்சில் ஓய்ந்ததில்லை. ஒரு தாள் முதல் உருளையில் மஞ்சளை வாங்கி, நழுவாமல் அடுத்த உருளைக்குச் சென்று, அதே இடத்தில் நீலத்தையும் வாங்க வேண்டும். மயிரிழை தவறினாலும் காலண்டர் முருகனுக்கு உதடு கன்னத்தில் ஏறிவிடும். அப்படித் தவறாத இருவண்ண இயந்திரத்தை வரைந்து தந்தவர் தாங்கள்!

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது மரபன்று. ஆனால், "நல்லத மட்டும் எழுதினா நான் மேடைக்கே வர மாட்டேன்" என்றீர்கள். ஆகவே அந்த ஆடி மாத வெள்ளிக்கிழமையை இங்கே எழுதுகிறோம். ஆண்டு 1971.

அன்று நம் இரண்டாவது இயந்திரத்தின் வெள்ளோட்டம். ஃபிட்டர் பாஸ்கல், இரண்டு அச்சுப் பகுதிகளுக்கும் நடுவேயுள்ள சந்தில் நின்று, மண்ணெண்ணெய்த் துணியால் ரப்பர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாள் ஊட்டும் முனையில் மெஷின்மேன் உசேன் நின்றார். அவர் நெடுங்காலம் ஒற்றை வண்ண இயந்திரத்தில் பழகியவர். ஒருமுறை எட்டிப் பார்ப்பார், ஆள் தெரியவில்லையென்றால் பொத்தானை அழுத்துவார். அன்றும் எட்டிப் பார்த்தார். அழுத்தினார்.

துணி கையைவிட்டுப் போனதுதான் பாஸ்கலுக்கு முதலில் தெரிந்தது. பிறகு சட்டைக்கை போயிற்று. உருளைகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் ஒரு விரலுக்குக்கூட வழியில்லை. அந்த உருளைகளைப் பொருத்தியவரே அவர்தான், அவருக்கா தெரியாது? மாதாவைக் கூப்பிட வாய் திறந்தார். காற்று வந்தது, குரல் வரவில்லை. தையல் பிரிந்து சட்டைக்கை தோளோடு கிழிந்தது. பின்னால் விழுந்தார். கை அவரோடு வந்தது.

விழுந்த சத்தம் கேட்டு உசேன் இயந்திரத்தை நிறுத்தி ஓடி வந்தார்.

"அல்லா! பாஸ்கலு, நீ உள்ளயா இருந்தே? எட்டிப் பாத்தேனே, யாருமே இல்லியே!"

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கூட்டத்தில் யாரோ பாய்ந்தார்.

"அளுவாத மாமு. சட்டதான் பூட்ச்சு, கை கீது பாரு" என்றார் பாஸ்கல்.

அப்போது தாங்கள் வந்தீர்கள். மின்பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். "அங்கயே இன்னொருக்கா நில்லுப்பா. கட்ட எங்கிட்ட கீது, பயப்படாத" என்றீர்கள். மின்சாரம் இல்லையென்று தெரிந்தும், சிலுவை போட்டுக்கொண்டுதான் பாஸ்கல் மீண்டும் அந்தச் சந்துக்குள் கால் வைத்தார். தாங்கள் உசேன் நின்ற இடத்துக்குப் போனீர்கள்.

"பாஸ்கல், கையத் தூக்கு."

"தூக்கிகினுதான் கீறேன் சார்."

"தெரியலியே..." என்றீர்கள்.

வரைபடத்தில் இயந்திரம் பக்கவாட்டிலிருந்து தெரியும். அந்தச் சந்து ஜன்னல் போலத் திறந்து கிடக்கும். அதில் நிற்பவரைக் குழந்தையும் காட்டும். ஆனால் இயந்திரத்தை ஓட்டுபவர் பக்கவாட்டில் நிற்பதில்லை, முனையில் நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் முதல் பகுதியின் மைத்தொட்டி, பின்னால் நிற்கும் ஆளை முழுசாக மறைத்துவிடுகிறது.

"உசேனத் திட்டாதீங்கப்பா. தப்பு அவன் கையில இல்ல, என் படத்துல கீது" என்றீர்கள். அடுத்த நொடி சைக்கிளை நோக்கி ஓடினீர்கள். "மொதோ மெஷினு ராயபுரத்துல ஓடிகினு கீதே!"

தங்கள் சைக்கிளின் பின்சீட்டில் பாஸ்கல் ஏறிக்கொண்டார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி முடிவில்லாமல் ஊர்ந்தது. ஒவ்வொரு வேகனுக்கும் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார் பாஸ்கல். இந்நேரம் அங்கே எவன் துடைக்கிறானோ, எவன் எட்டிப் பார்க்கிறானோ!

ராயபுரத்து அச்சகத்தில் இயந்திரம் சிரித்த முகமாக ஓடிக்கொண்டிருந்தது. உருளை துடைக்கும் செல்வத்திடம், "கை நல்லா கீதாப்பா?" என்று கேட்டீர்கள்.

"அதுக்கின்னா சார், ஜோராக் கீது. போன வாரம் லேசாக் கடிச்சிது, அவ்ளோதான்." அவன் சிரித்தபடி நீட்டிய ஆள்காட்டி விரலில் நகம் கறுத்திருந்தது. அந்த விரலைப் பிடித்த தாங்கள் வெகுநேரம் விடவில்லை. வந்த வழியெல்லாம் நினைத்து அஞ்சியது முந்தின வாரமே வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று எண்ணியபோது, பாஸ்கல் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வேல தலைக்கு மேல கீது சார், நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார் அச்சக முதலாளி. தாங்கள் வாதாடவில்லை. பதினோரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றீர்கள். செல்வம் சந்துக்குள் நுழையும்போதெல்லாம் பீஸ் கட்டை தங்கள் பையில் இருந்தது. "சாரு மெஷினுக்கு முனீஸ்வரன்டா!" என்று கேலி செய்தார்கள். தாங்களும் சிரித்தீர்கள், இடத்தைவிட்டு நகரவில்லை.

இங்கே நாங்கள், தாங்கள் புதிதாக வரைந்தனுப்பிய பூட்டைச் செய்தோம். ஒவ்வொரு சந்திலும் ஒரு சிவப்புக் குமிழ். உள்ளே நுழைபவர் அதை அழுத்திவிட்டால், அவரே வந்து இழுத்து விடும்வரை எந்த முனையில் எவர் அழுத்தினாலும் இயந்திரம் அசையக் கூடாது. பன்னிரண்டாம் நாள் ராயபுரத்துக்குக் கொண்டுபோய் அதைப் பொருத்தியதும், "எங் கையவே வெச்சுப் பாக்கலாம் சார்" என்றார் பாஸ்கல். "ஒருத்தன் கையக் கேக்குற சோதனை நமக்கு வேணாம்ப்பா" என்று மறுத்துவிட்டு, வேறொரு பழஞ்சட்டையின் கையில் பஞ்சடைத்து உருளைகளின் நடுவே வைத்தீர்கள். உசேன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார். அசையவில்லை. முப்பது முறை அழுத்தச் சொன்னீர்கள். முப்பது முறையும் பாஸ்கல் உரக்க எண்ணினார். பஞ்சுக் கை நசுங்காமல் கிடந்தது.

ஐயா! அதன்பின் இங்கிருந்து போன இயந்திரம் எதுவும் எவர் விரலையும் கேட்கவில்லை. ஆனாலும் தங்கள் அச்சம் தீரவில்லை. தினமும் மாலைச் சங்கு ஊதியதும் ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் கைகளையே பார்ப்பீர்கள். "இன்னா நைனா, நட்டு போல்ட்டு திருடிகினு போறோம்னு பாக்கறாரா?" என்று புதியவர்கள் முணுமுணுப்பார்கள். பாஸ்கல் மட்டும், கேட்காமலே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

கடவுள் பெரிய அற்புதங்களை எப்போதாவதுதான் செய்கிறார். ஒரு மனிதர் இன்னொருவரின் விரலுக்காகப் பயப்படும்படி தினமும் செய்கிறார் என்று நம்புகிறோம். பாஸ்கலின் மாதாவும், தங்கள் வடிவுடையம்மனும், உசேனின் அல்லாவும் தங்களுக்கு நெடிய நலமும் நிம்மதியான தூக்கமும் அருள்க!

இன்று மாலை தாங்கள் வெளியேறும்போது, வாசலின் இருபுறமும் நாங்கள் நிற்போம். நாற்பத்தொரு பேர். அவசரமில்லை, நின்று பாருங்கள். எல்லாக் கைகளும் இருக்கின்றன. இத்தனை நாள் தாங்கள் தனியே சுமந்த பயத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள். நாளை மாலை அந்த இடத்தில் பாஸ்கல் நிற்பார்.

என்றும் தங்கள்,
இருவண்ண அச்சு இயந்திரப் பிரிவுத் தொழிலாளர்கள்
திருவொற்றியூர், 30 ஏப்ரல் 1977