ஆள் பாரம்

மல்காஜ்கிரி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் எங்க அத்தை காருக்கு அடியிலேருந்து வெளியவே வரலக்கா" என்றாள் இளையவள்.

"யாரு, உன் மாமியாரா?"

"ஹவ், அவங்களேதான். மாமாவோட பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கே, முன்சக்கரம் கடகடன்னு ஆடுது, வித்துடலாம்னு இவர் சொல்லிட்டார். அன்னையிலேருந்து அப்பனும் பிள்ளையும் பேசறதில்ல. நேத்து அத்தையே முன்சக்கரத்துல தேஞ்சுபோன ரப்பர் புஷ்ஷையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு மாட்டினாங்க."

"அடேயப்பா!"

"அதோட விட்டாங்களா? காரைத் தண்டவாளத்துக்கு அடியில போடற ரயில்வே கட்டைமேல ஏத்தி, ரெண்டு பேரையும் உள்ள உக்கார வச்சாங்க. ஆள் பாரத்தோடதான் போல்ட்டை இறுக்கணுமாம். இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழிஞ்சிடுமாம். 'நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது'ன்னுட்டாங்க. கூரையில்லாத கார், நல்ல வெயில்."

டிக்கெட் கேட்ட கண்டக்டரைக் கையமர்த்திவிட்டு மூத்தவள் கேட்டாள்: "போல்ட் இறுக்கவா அவ்வளவு நேரம்?"

"அது எப்பவோ முடிஞ்சுதுக்கா. மாமா தன் தொப்பியைக் கழட்டி, 'வெயில் அடிக்குது, போட்டுக்கடா'ன்னு இவர்கிட்ட நீட்டினப்புறம்தான் அத்தை வெளிய வந்தாங்க."